சினத்தை மூட்டும் சொற்கள்

ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றை எடுத்து, பிறர்க்குச் சினம் உண்டாக்குதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ‘புறொவோக்’ என்பதற்குத் ‘தூண்டு’ என்றிருக்கும். ‘இன்சைற்’ என்பதற்கும் ‘தூண்டு’ என்றே இருக்கும். ‘இன்ஸ்ரிகேற்’ என்பதற்கும் அதுவே. ‘ஃபோமென்ற்’ என்பதற்கு வரும்போது அகராதிக்காரர் சற்றே தயங்கி, ‘கிளப்பிவிடு’ என்று தொடங்கி, மறுபடியும் ‘தூண்டு’ என்று முடித்திருப்பார். அகராதியை மட்டும் நம்பும் மாணவர், இச்சொற்கள் யாவும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கத்தக்கன என்று எண்ணிவிடுகிறார். பரீட்சையில் இரண்டு புள்ளிகள் குறைவதோடு இக்குழப்பம் தீர்ந்துவிடுமாயின், இதற்கென்று இவ்வாரப் பகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே எட்டே சொற்கள் கொண்ட ஓர் ஆங்கில வரி ஓர் ஊரைக் கொந்தளிக்கச் செய்ததை நாம் கண்டிருக்கிறோம். அதனை முறையாக நோக்குவதற்கு முன்னர், சொற்களைச் சற்றே பிரித்து அறிந்து கொள்வோம்.

நம்முடைய ‘தூண்டு’ குற்றமற்ற சொல். விளக்கின் திரியை முன்னே தள்ளிச் சுடரை ஓங்கச் செய்வது தூண்டுதல். அதற்குரிய கோல் தூண்டுகோல். மீனவர் கையிலுள்ள தூண்டிலும் இதன் வழிவந்த சொல்லே. நல்லாசிரியர் மாணவரின் அறிவைத் தூண்டுகிறார். கெட்ட நண்பன் களவுக்குத் தூண்டுகிறான். இரண்டிற்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அவ்வாறன்று. ஆசிரியர் தம் மாணவரைப் படிக்குமாறு ‘இன்சைற்’ செய்தார் என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் அவ்வாசிரியர் ஏதோ கலகத்துக்கு ஆள் திரட்டினார் என்று எண்ணிப் புருவத்தை உயர்த்துவார். நன்மைக்குத் தூண்டுவதற்கு ‘இன்ஸ்பயர்’, ‘என்கறேஜ்’ முதலிய வேறு சொற்கள் அங்கே உண்டு.

இனிச் சினத்தின் அளவைப் பார்ப்போம். மிகச் சிறியது ‘இரிற்றேற்’. நுளம்பும், அயல்வீட்டு ஒலிபெருக்கியும் செய்வது இது. தமிழில் ‘எரிச்சல்’ என்று தோலுக்கும் மனத்துக்கும் பொதுவாக ஒரு சொல் வைத்திருக்கிறோம் அல்லவா? ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே இரண்டுக்கும் வரும். அதற்கு அடுத்த படியில் ‘எக்ஸாஸ்பரேற்’. கரடுமுரடானது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு தடவையில் உண்டாகும் கோபத்துக்கு இது பொருந்தாது. சோறு ஆறுகிறது என்று நான்கு முறை கூப்பிட்டும் மகன் புத்தகத்தை விட்டு எழும்பவில்லையென்றால், அந்தத் தாயின் நிலைமைக்கே இச்சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமையும்.

‘இன்சென்ஸ்’ என்பது இவற்றினும் பெரிது. எரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அநீதியைக் கண்டு கொதித்தெழுதலுக்கு இதனைப் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வழங்குவர். மாரவில தொடங்கித் தலவில புனித அன்னம்மாள் ஆலயம் வரை, இக்கரையிலுள்ள கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இதே எழுத்துக்கள் வேறொரு பொருளில் நன்கு பழக்கமானவை. பூசையின்போது எழும் சாம்பிராணித் தூபமும் ‘இன்சென்ஸ்’தான். வேரும் எழுத்தும் ஒன்றே. அழுத்தம் மட்டும் மாறும். தூபத்தைச் சொல்லும்போது முதலசையை அழுத்த வேண்டும். சினத்தைச் சொல்லும்போது ஈற்றசையை அழுத்த வேண்டும். தமிழிலும் ‘தூபம் போடுதல்’ என்று ஒரு வழக்கு உண்டு. ஆனால் அது கனன்று கொண்டிருக்கும் கோபத்தைப் பக்கத்தில் நின்று வளர்த்துவிடுவது. ஆங்கில வினை கோபத்தையே உண்டாக்குவது. ஒரே பொருளிலிருந்து இரு மொழிகளும் இரு வேறு உவமைகளை எடுத்துக்கொண்டன.

‘றைல்’ என்பது பேச்சுவழக்கில் மிகுதி. நீரைக் கலக்கிச் சேறாக்குதல் இதன் பழம் பொருள். புத்தளம் வாவியின் ஆழமற்ற ஓரங்களில் நடந்தவர்க்கு, ஒரு கால் வைத்தால் எத்தனை தூரத்துக்கு நீர் கலங்கும் என்பது தெரியும். ‘குட்டையைக் குழப்புதல்’ என்று நாம் சொல்வதை இதற்கு நேராகக் கொள்ளலாகாது. நாம் குழப்புவது காரியத்தை, ஆங்கிலம் குழப்புவது மனத்தை. ‘எக் ஒன்’ என்றொரு தொடரும் உண்டு. இதிலுள்ள ‘எக்’ கோழிமுட்டையன்று. வடபுலத்து மொழியொன்றிலிருந்து வந்து, விளிம்பு, கூர் எனப் பொருள்படும் சொல்லுக்கு உறவானது. முட்டை என்று கொண்டு மொழிபெயர்த்தோர் உண்டு என்பதனால் இதனைச் சொல்லி வைத்தேன்.

இப்பொழுது தலையாய சொற்களுக்கு வருவோம். ‘புறொவோக்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘வெளியே வரும்படி அழைத்தல்’ என்று பொருள். ஒருவனுக்குள் உறங்கும் சினத்தைப் பெயர் சொல்லி வெளியே அழைப்பது. தமிழில் ‘வம்புக்கு இழுத்தல்’ என்கிறோமே, அது ஏறக்குறைய இதன் இரட்டைப் பிள்ளை. ‘சீண்டுதல்’ என்பதும் பொருந்தும். அழைத்தவன் யாரோ, அவன் மேலேயே அச்சினம் பாயும். ‘இன்சைற்’ என்பது விரைந்து இயக்கிவிடுதல். ஏவப்படுகிறவன் ஒருவன், அவன் போய்த் தாக்குவது வேறொருவனை.

தமிழ் இலக்கணம் கற்ற மாணவருக்கு இவ்வேறுபாட்டை ஒரு நொடியில் விளக்கிவிடலாம். ‘புறொவோக்’ செய்வதற்குத் தன்மையும் முன்னிலையும் போதும். நான் உன்னைச் சீண்டுகிறேன்; நீ என்மேல் சினங் கொள்கிறாய். ‘இன்சைற்’ செய்வதற்கோ படர்க்கையும் வேண்டும். நான் உன்னிடம் அவனைப் பற்றிச் சொல்கிறேன். நீ அவன்மேல் பாய்கிறாய். நான் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறேன்.

உடப்பில் திரௌபதையம்மன் ஆலயத் தீமிதிப்பை ஆண்டுதோறும் காண்போர் பாரதக் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள். மயன் அமைத்த மண்டபத்தில் நீரைத் தரையென்று மயங்கித் துரியோதனன் விழுந்தபோது பாஞ்சாலி சிரித்தாள் என்று அக்கதை நம்மிடையே வழங்குகிறது. அச்சிரிப்பு ‘புறொவோக்’. ஒரு சொல்லும் பேசப்படவில்லை. போரை மூட்ட வேண்டும் என்னும் எண்ணமும் அவளுக்கில்லை. இந்தச் சொல்லுக்கு எண்ணம் கட்டாயமன்று என்பதைக் கவனிக்க. கல்லும் முள்ளும் கூட ஒருவனை இவ்வாறு செய்துவிடக் கூடும். சகுனியின் வேலை முற்றிலும் வேறு. அவனுக்குக் கோபமே இல்லை. மருமகனின் பக்கத்தில் அமர்ந்து, எவரைச் சூதுக்கு அழைப்பது, எப்பொழுது அழைப்பது என்று நிதானமாகக் காதில் ஓதுகிறான். இது ‘இன்ஸ்ரிகேற்’. மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி நடத்துவதிலிருந்து பிறந்த சொல். பின்னால் இருந்து ஒரு செயலைத் தொடக்கி வைப்பவனுக்கு உரியது. ‘இன்சைற்’ என்பதில் கூட்டமும் கொதிப்பும் மிகுதி. இதில் சூழ்ச்சி மிகுதி.

‘ஃபோமென்ற்’ பற்றி ஒரு வார்த்தை. வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தல் இதன் முதற்பொருள். நோய்க்கு இதமாகச் சூடேற்றும் வேலை, நாளடைவில் பகைக்குச் சூடேற்றும் வேலையாயிற்று. ஒரு முறை கொளுத்திப் போட்டுவிட்டு ஓடுபவனுக்கு இது பொருந்தாது. ஆறவிடாமல் மீண்டும் மீண்டும் சூடு கொடுப்பவனுக்கே பொருந்தும். மேலும், இவ்வினைக்குக் கலகம், பகை, குழப்பம் ஆகியவையே செயப்படுபொருளாக வரும், மனிதன் வரமாட்டான். ‘இன்சென்ஸ்’ என்பதற்கு மனிதன் மட்டுமே வருவான். ‘புறொவோக்’, ‘இன்சைற்’ ஆகிய இரண்டிற்கும் மனிதனும் வரலாம், விளைவும் வரலாம்.

மேலே கூறிய எட்டுச் சொல் வரியை இப்பொழுது எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயம் சிலாபத்திலிருந்து தொலைவிலுள்ளதன்று. இக்கரையில் கத்தோலிக்கர் தொகை பெரிது. மூன்று வாரங்கள் கழிந்து, மே 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முகநூலில் நடந்த ஒரு வாக்குவாதம் சிலாபத்தில் பரவிற்று. ராய்ட்டர் செய்தி நிறுவனம் கண்டு எழுதியபடி, ஒருவர் சிங்களத்தில், எங்களை அழவைப்பது கடினம் என்று, முஸ்லிம்களைப் பழிக்கும் ஒரு சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாக ஒரு முஸ்லிம் கடைக்காரர் ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள்: ‘கூடச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்.’

வரப்போகும் இன்னொரு தாக்குதலுக்கு இஃது எச்சரிக்கை என்று ஊரவர் பலர் கொண்டனர். கடைகள்மீதும் பள்ளிவாசல் மீதும் கற்கள் பாய்ந்தன. பொலிசார் எழுதியவரைக் கைது செய்தனர். மாலையில் ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் வன்செயல் குருநாகல் மாவட்டத்துக் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல முதலிய இடங்களுக்கும், கம்பகா மாவட்டத்து மினுவாங்கொடைக்கும் பரவிற்று. முகநூல் முதலிய ஊடகங்களை அரசாங்கம் தற்காலிகமாக முடக்கிற்று. அன்று நாத்தாண்டியாவை அடுத்த கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கும் அந்த வாக்குவாதத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இந்த வரியை இலக்கணக் கண்ணால் நோக்குவது, இறந்தவரை மறந்து எழுத்தெண்ணும் வேலையாகச் சிலருக்குத் தோன்றலாம். வரி எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதே உயிர்ப்பிரச்சினையாயிற்று என்பதனால், அதனை வாசிக்கத்தான் வேண்டும். முதலாவது, அது பிழையான ஆங்கிலம். ‘அளவுக்கு மீறி’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மோர்’ என்று நிற்கிறது. நமது ஈழத்துப் பேச்சில் ‘கூடக் கதையாதே’, ‘கூடச் சிரிக்காதே’ என்னும்போது ‘கூட’ என்பது அளவுக்கு மீறுதலையே குறிக்கும். அதே ‘கூட’வை ஆங்கிலத்துக்கு எடுத்துச் சென்றால் ‘மோர்’ ஆகிவிடும். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதிய வரி இது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வீடுகளில் பாட்டிமார், குதித்துச் சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, ‘கூடச் சிரிச்சால் பிறகு அழவேண்டி வரும்’ என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லில் குண்டும் இல்லை, வாளும் இல்லை. வேற்றுமொழி உடை உடுத்து, வேற்றுமொழியார் முன்னே, சவக்குழிகளின் ஈரம் காயாத நாளில் வந்து நின்றபோது, பாட்டியின் குரல் அதிலிருந்து முற்றாக நீங்கிவிட்டது.

இரண்டாவது, ‘வில்’ என்னும் துணைவினை. பழைய ஆங்கில இலக்கண நூல்களைக் கற்றவர்களுக்கு ‘ஷால்’, ‘வில்’ விதி நினைவிருக்கும். முன்னிலையில் ‘வில்’ வந்தால் வெறும் எதிர்காலம். ‘ஷால்’ வந்தால் பேசுபவனின் உறுதி, கட்டளை அல்லது மிரட்டல். அவ்விதிப்படி அந்த வரி, ‘உனக்கு அழுகை வரும்’ என்பதே. ‘உன்னை அழவைப்பேன்’ என்பதன்று. இன்று இவ்விதியை ஆங்கிலேயரே பேணுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். எதிர்காலம் கூறுவதும் மிரட்டுவதும் ஒரே உருவில் வருகின்றன. குரல் கேட்டால் அறியலாம், எழுத்தில் குரல் இல்லை. நம் ‘அழுவாய்’ என்னும் முற்றுக்கும் இதே நிலைதான்.

ஆகவே அந்த வரிக்கு உரிய சொல் எது? பழித்தவரைப் பார்த்துப் பழிக்கப்பட்டவர் சொன்ன மறுமொழி. தன்மை, முன்னிலை என்னும் இரண்டிடத்தோடு முடிகிறது. கூடியபட்சம் ‘புறொவோக்’ என்று சொல்லலாம்; அதுவும் முன்னதாகச் சீண்டியவர் எதிர்த்தரப்பினர். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பார், அடுத்த குண்டு உனக்குத்தான்; அவர்களை விடாதே’ என்று தன்னைச் சேர்ந்தவரிடம் ஒருவன் சொல்வானாயின், அங்கே படர்க்கை வந்துவிடுகிறது. ‘இன்சைற்’ என்னும் வினை அவனுக்கே உரியது. இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ‘கோள்மூட்டுதல்’. அடுப்பையும் மூட்டுகிறோம், கோளையும் மூட்டுகிறோம். அகராதிக்காரர் ‘தூண்டு’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டாலும், வீட்டுத்தமிழ் சீண்டுதல் வேறு, மூட்டுதல் வேறு என்று வைத்தே இருக்கிறது.

(கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டியவர்கள் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக அமர்ந்திருந்தவர், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவர். இரு மொழிகளின் இடைவெளியையும் நீதியையும் ஒருங்கே அறிந்த ஒருவரை இக்கரை முன்னரே தந்திருக்கிறது என்பதை இடையிலே குறித்து வைக்கிறேன்.)

சட்டத்தில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், பாரதூரமானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டலால் தன்னை இழந்து ஒருவன் கொலை செய்தால், அவனது குற்றம் ஒரு படி குறையும். ஆங்கிலத்தில் அங்கே நிற்பது ‘புறொவோக்’ என்பதன் பெயர்ச்சொல். கேட்டவனின் நெஞ்சைப் பார்த்துச் சட்டம் இரங்குகிறது. ‘இன்ஸ்ரிகேற்’ என்பது அதே கோவையில் உடந்தைக் குற்றத்தின் இலக்கணத்தில் முதலாவதாக வருகிறது. அங்கே ஏவியவனைச் சட்டம் பிடிக்கிறது. 1966ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையைத் தழுவி இலங்கை 2007இல் இயற்றிய 56ஆம் இலக்கச் சட்டம், பாரபட்சத்துக்கோ பகைமைக்கோ வன்செயலுக்கோ ‘இன்சைற்’ செய்யும் அளவினதான தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புதலைத் தடுக்கிறது. கேட்டவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் அந்த வினைக்குப் போதாது. சட்டத்தைக் கையாள்வோர் இதனை எப்பொழுதும் நினைவிற் கொள்வதில்லை.

நமது மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. இம்முறை சொற்கள் ஆங்கிலமல்ல, தமிழ். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தவரும் புத்தளம் பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றியவருமான அஹ்னாஃப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர் 2017இல் ‘நவரசம்’ என்னும் கவிதை நூலை வெளியிட்டார். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தை வளர்க்கும் எழுத்து என்பது குற்றச்சாட்டு. அதைக் கண்டிக்கும் எழுத்து என்று தமிழறிந்தோர் பலர் எடுத்துரைத்தனர். ஒன்பது சுவைகளில் ரௌத்திரமும் ஒன்று என்பது நூலின் பெயரிலேயே இருக்கிறது. சினத்தைக் காட்டுவது வேறு, சினத்தை மூட்டுவது வேறு. கவிதையில் ‘நான்’ என்று பேசுபவர் எப்பொழுதும் கவிஞரே என்று கொண்டால், மேடையில் துரியோதனனாக ஆடியவனைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டி வரும். அவர் 2021 டிசம்பரில் பிணையில் வெளிவந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைது முதல் விடுதலை வரை மூன்றரை ஆண்டுகள்.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறேன். வாவியில் ஒருவன் விரித்த வலைக்குக் குறுக்கே மற்றொருவன் தன் வலையை வேண்டுமென்றே விரித்தான், முதலாமவன் கொதித்தெழுந்தான். கரையில் நின்ற மூன்றாமவன், ‘உன் வலையை அவன் அறுத்தும் விட்டானாம், பார்த்துக்கொண்டா நிற்கிறாய்?’ என்று நடவாததைச் சொன்னான். அத்துடன் நில்லாமல், மூன்று மாதங்களாகச் சங்கக் கூட்டந்தோறும் அந்தப் பேச்சை எடுத்துப் பகை ஆறாமல் பார்த்துக்கொண்டான். இம்மூன்று செயல்களுக்கும் உரிய ஆங்கில வினைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில் அமைத்து எழுதுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் மனிதனைச் செயப்படுபொருளாக வைத்துவிட்டவர்கள், ஒத்தடத்தைப் பற்றி மேலே எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துக் கொள்ளவும்.